புரோட்டமின் குறைவுக்குப் புரோட்டீன் பவுடர் மருந்தாகுமா?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, இரண்டு லேப் ரிப்போர்ட்டையும் நகலெடுத்து இணைத்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 33. சாயப்பட்டறையில், துணியைச் சூட்டில் விரித்துக் காய வைக்கும் ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறார். மனைவிக்கு 29. கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் கரு தங்கி, எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அப்புறம் தங்கவில்லை. மனைவிக்கு எடுத்த சோதனைகளில் குறை எதுவும் இல்லை. இவருடைய விந்துப் பரிசோதனையும் மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்: ஒரு மில்லிக்கு 4.2 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 38 சதவீதம். ஆனால் மருத்துவமனை கூடுதலாக எடுத்த சோதனையில் டி.என்.ஏ. சிதைவு 36 சதவீதம் என்று வந்திருக்கிறது. கீழே இன்னொரு வரி: 'புரோட்டமின் குறைபாடு'.

இந்த இரண்டாவது வரியை இவர் புரோட்டீன் குறைபாடு என்று எடுத்துக்கொண்டார். 3,400 ரூபாய்க்குப் பவுடர் டப்பா வாங்கி, தினமும் மூன்று கரண்டி பாலில் கலக்கிக் குடித்து வருகிறார். "இதோட ஒரு ஊசியும் போட்டுக்கிட்டா மூணே மாசத்துல ரிசல்ட்" என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையோ, விதையில் ஊசி செலுத்தி அணுவை நேரடியாக எடுத்து இக்ஸி (அணுவை ஊசியால் முட்டைக்குள் வைக்கும் செயற்கைக் கருத்தரிப்பு) செய்யலாம், இரண்டரை லட்சம் ஆகும், அடுத்த மாதமே தொடங்கலாம் என்கிறது. மனைவி நகையை அடகு வைக்கத் தயார். அம்மா மருமகளைத்தான் குறை சொல்கிறார். மகனுக்குச் சோதனை எடுத்த விஷயமே அவருக்குத் தெரியாது.

பவுடர் பலன் தருமா, ஊசி போடலாமா, இக்ஸிக்குச் சம்மதிக்கலாமா, அன்று கரு கலைந்தது என்னால்தானா, பிறக்கிற குழந்தைக்கும் இந்தக் குறை வருமா என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விகளைவிட, போகிற போக்கில் அவர் எழுதிவிட்டுப் போன நான்கு வரிகள்தான் என் கண்ணில் பட்டன. சோதனைக்கு ஐந்து வாரம் முன்பு டெங்கு வந்து, நான்கைந்து நாள் 103 டிகிரி காய்ச்சலில் கிடந்திருக்கிறார். 'நல்ல ரிசல்ட் வரட்டும்' என்று பதினைந்து நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருந்து மாதிரி கொடுத்திருக்கிறார். ஷிப்ட் முடிந்து வீடு வரும்போது இடது விதைப் பக்கம் பாரமாக இழுக்கிறது. நாளுக்கு ஐந்தாறு சிகரெட்.

தம்பி, இனி உங்களோடு பேசுகிறேன்.

புரோட்டமின் வேறு, பவுடர் வேறு

பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த குழப்பம் இது. உங்கள் மேல் தப்பில்லை. ரிப்போர்ட்டை நீட்டியவர் இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருக்க வேண்டும்.

புரோட்டமினும் ஒரு புரதம்தான். ஆனால் அது வளரும் விந்தணுவுக்குள்ளேயே தயாராகி, அதன் தலைக்குள் வேலை பார்ப்பது. என்ன வேலை? நூலைக் கட்டி வைக்கும் வேலை. ஒரு விந்தணுவில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அதன் தலையோ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. உடம்பின் மற்ற செல்களில் இந்த நூல், ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் பாபினில் சுற்றியதுபோலத் தளர்வாகச் சுற்றியிருக்கும். அடிக்கடி பிரித்துப் படிக்க வேண்டிய நூல் அது, அதனால் அந்தத் தளர்வு தேவை. விந்தணுவுக்குப் படிக்கிற வேலை இல்லை. சரக்கைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். ஆகவே அது விதைக்குள் வளரும் கடைசிச் சில வாரங்களில் ஹிஸ்டோன்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. இடைக்காலப் புரதங்கள் கொஞ்ச காலம் அந்த இடத்தில் நிற்கின்றன. பிறகு புரோட்டமின் வந்து உட்கார்ந்து, நூலை இறுக்கிப் பேல் கட்டியதுபோல ஆக்கிவிடுகிறது.

இதைச் செய்யும் புரோட்டமினில் ஏறக்குறைய பாதி ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். அதற்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் கவ்விக்கொள்ளும். மனிதர்களிடம் புரோட்டமினில் பி1, பி2 என்று இரண்டு வகை உண்டு. சாதாரணமாக இரண்டும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும். இதில் ஒன்று குறைந்தாலோ, ஹிஸ்டோன் கழற்றும் வேலை அரைகுறையாக நின்றாலோ கட்டு தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் நூல் அறுபடுவது எளிது. உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டு வரிகளும் இப்படித்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன: ஒன்று கட்டின் தளர்வு, மற்றது அறுந்த நூல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நலமான ஆணின் விந்தணுவிலும் ஐந்து முதல் பதினைந்து சதவீதம் ஹிஸ்டோன் கழற்றப்படாமல் மீதம் இருக்கும். அது குறையல்ல, இயல்பு. லேபில் புரோட்டமினை யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. சாயம் போட்டுப் பார்க்கிறார்கள். அனிலின் புளூ என்ற சாயத்தைப் போட்டால், கட்டு இறுகிய தலைகள் வெளிறித் தெரியும். ஹிஸ்டோன் மிஞ்சிய தலைகள் நீலம் குடித்து நிற்கும். வேறொரு சாயம் புரோட்டமின் இல்லாத இடத்தில் போய் ஒட்டி ஒளிரும். எந்தத் துணி சாயத்தை எவ்வளவு இழுக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இது பயனுள்ள தடயம். ஆனால் இதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை.

சரி, பவுடருக்கு வருவோம். நீங்கள் குடிப்பது பால் புரதம். வயிற்றுக்குப் போனதும் அது அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். அதிலிருந்து எந்தப் புரதத்தை, எந்த செல்லில், எப்போது செய்வது என்பதை அந்தந்த செல்லில் இருக்கும் மரபணு முடிவு செய்யும். கச்சாப்பொருள் பற்றாக்குறையால் உங்களுக்குப் புரோட்டமின் குறையவில்லை. நிலக்கடலை, பருப்பு, முட்டை சாப்பிடுகிறவருக்கு ஆர்ஜினின் பஞ்சம் வராது. தறியில் கோளாறு இருக்கும்போது குடோனில் நூலை அடுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் இப்போது நடக்கிறது.

புரோட்டமினை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஃபிரெட்ரிக் மீஷர். ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து எடுத்தார், 1874-இல். அந்தப் பொருள் இன்றைக்கும் இதய அறுவை அரங்குகளில் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க ஊசியாகப் போடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டாலும் விந்தணுவுக்குள் போய்ச் சேராது. கூகுளில் தேடி, அப்படியொரு யோசனையும் உங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஆறு மீட்டர் குழாய்க்குள் நடப்பது

விதையை விட்டு வெளியே வரும் விந்தணு பார்க்க முழு உருவத்தோடு இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் உதவாது. நீந்தத் தெரியாது, கருமுட்டையை அடையாளம் கண்டு ஒட்டவும் தெரியாது. விதையின் பின்பக்கம் கொழகொழவென்று சுருண்டு ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் என்ற குழாயைக் கடக்கும்போதுதான் இதையெல்லாம் அது பெறுகிறது. அந்தக் குழாயைப் பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் வரும். கடக்க ஆளுக்கு ஆள் சில நாள் முதல் பத்துப் பன்னிரண்டு நாள் வரை ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டத்தில் விந்தணுவால் சொந்தமாகப் புதுப் புரதம் செய்துகொள்ள முடியாது. நூலைத்தான் பேல் கட்டியாயிற்றே, யார் பிரித்துப் படிப்பது? எல்லாவற்றையும் குழாயின் சுவர்தான் கொடுத்தாக வேண்டும். சுவரின் செல்கள் மிக நுண்ணிய கொப்புளங்களில் புரதத்தை நிரப்பி அனுப்புகின்றன. அவை விந்தணுவின் மேல் ஒட்டிச் சரக்கை இறக்குகின்றன. சில புரதங்கள் மேற்பூச்சாகப் படிகின்றன, சில வெட்டிச் சீராக்கப்படுகின்றன, தேவையில்லாதவை கழற்றப்படுகின்றன. உள்ளே புரோட்டமின்களுக்கு இடையில் கந்தகப் பிணைப்புகள் உண்டாகி, கட்டு இன்னும் இறுகிவிடும். லைக்ரா கலந்த துணியை ஸ்டென்டரில் ஹீட் செட் செய்வீர்களே, அது போல. அதற்கு முன்னும் துணி துணிதான், ஆனால் நிலைத்து நிற்காது.

மேற்பூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். பீட்டா டிஃபென்சின் 126 என்ற புரதம் எபிடிடைமிஸில் விந்தணுவின் மேல் போர்வை போலப் படியும். கர்ப்பப்பை வாயின் சளியைக் கடந்து போக அது உதவுகிறது. அதன் மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ள ஆண்களின் மனைவியருக்குக் கரு தங்கக் கூடுதல் காலம் எடுத்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. எண்ணிக்கை, வேகம் என்று வழக்கமாகப் பார்க்கும் எதிலும் அவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் சரியாகத் தெரிவதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கு இந்த மரபணுச் சோதனை தேவையில்லை.

வெளியே வந்த பிறகும் மாற்றம் நிற்பதில்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகே விந்தணுவால் முட்டைக்குள் நுழைய முடியும். இதை 1951-இல் சாங், ஆஸ்டின் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். முட்டையோடு கைகோக்கும் விந்தணுப் புரதத்துக்கு 2005-இல் ஜப்பானியர்கள் வைத்த பெயர் இஸுமோ. அது திருமணத்துக்குப் பெயர்போன ஒரு கோவிலின் பெயர். நம்மூராக இருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்போம்.

உங்கள் கடிதத்தின் நான்கு வரிகள்

முதலில் டெங்கு. விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அப்புறம் குழாய்ப் பயணம். சோதனை அன்று நீங்கள் கொடுத்த அணுக்கள், ஐந்து வாரத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தன? ஹிஸ்டோனைக் கழற்றிப் புரோட்டமினை மாட்டும் வேலைக்கு அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து 103 டிகிரி. விதைகள் உடம்பை விட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருப்பதற்காகத்தான் வெளியே தொங்குகின்றன. ஃப்ளூ காய்ச்சல் வந்த ஒரே ஒருவரின் விந்தை வாரக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. காய்ச்சலுக்குப் பிந்தைய வாரங்களில் அவருக்கு டி.என்.ஏ. சிதைவு ஏறியது, ஒரு மாதம் கழித்துக் கொடுத்த மாதிரிகளில் ஹிஸ்டோன் கூடி, முழுமையாகச் சீராகாத பி2 தென்பட்டது, அப்புறம் தானாக இறங்கிவிட்டது. ஒருவரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் உங்கள் கதையோடு அது அச்சாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, பதினைந்து நாள் சேமிப்பு. 'ஒரு சொட்டு விந்து இத்தனை சொட்டு ரத்தம்' என்று ராத்திரி பதினொரு மணிக்கு டி.வி.யில் ஒருவர் வந்து பயமுறுத்துவாரே, அந்தக் கணக்கின் விளைவு இது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விந்தணுவைச் சேமித்தால் வீரியம் கூடாது, பழசாகும். எபிடிடைமிஸின் வால்பகுதியில் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும் அணுக்களை ஆக்சிஜன் கழிவுகள் அரிக்கின்றன. அறுந்ததைச் சரிசெய்துகொள்ளும் திறன் அவற்றுக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பரிசோதனைக்குச் சொல்லும் இடைவெளி இரண்டு முதல் ஏழு நாள். சிதைவு அதிகம் உள்ளவர்களுக்கு நான் ஒன்றிரண்டு நாள் போதும் என்பேன். எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தாலும் சரக்கு புதுசாக இருக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாயங்காலம் இடது பக்கம் பாரமாக இழுக்கிறது என்கிறீர்கள். உங்களை யாராவது நிற்க வைத்து, கையால் தொட்டுப் பரிசோதித்தார்களா? ஆறு பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை. லட்சக்கணக்கில் சிகிச்சை பேசுகிறார்கள், இரண்டு நிமிடப் பரிசோதனை நடக்கவில்லை. வெரிகோசீல் என்பது விதைக்கு மேலே உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைப்பது. பெரும்பாலும் இடது பக்கம் வரும், நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் பாரம் தெரியும், படுத்தால் குறையும். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது உண்டு, எல்லோருக்கும் தொல்லை தருவதில்லை. ஆனால் குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. விதையின் சூட்டையும் ஆக்சிஜன் கழிவையும் கூட்டி, நாம் பேசிய புரத மாற்றங்கள் எல்லாவற்றையும் இது கெடுக்கும். நின்ற நிலையில், மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தால் விரலுக்குப் புழு நெளிவதுபோல் தட்டுப்படும். ஆண் குழந்தையின்மையில் பயிற்சி உள்ள யூராலஜிஸ்ட்டிடம் போங்கள்.

நான்காவது, சிகரெட். நிறுத்துங்கள். இதற்கு நீளமான விளக்கம் வேண்டாம். ஸ்டென்டர் சூட்டைப் பற்றி: வேலையை விடச் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் பேசி மூன்று மாதம் வேறு செக்‌ஷனுக்கு மாற முடிந்தால் மாறுங்கள். முடியாவிட்டால் மெஷினின் சூடான பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை போடுங்கள். தினமும் பனியன் துணியோடு புழங்கும் உங்களுக்குப் பருத்தியா கிடைக்காது?

ஜிம் ஊசி வேண்டவே வேண்டாம்

மற்ற விஷயங்களில் 'யோசிக்கலாம்' என்பேன். இதில் கிடையாது. ஜிம்களில் இப்படிச் சொல்லிப் போடும் ஊசி பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் அல்லது அதன் உறவுக்காரப் பொருள். ஆண் ஹார்மோன்தானே, விந்து கூடும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், 'இங்கே போதுமானது இருக்கிறது' என்று மூளை விதைக்கு அனுப்பும் கட்டளைகளை நிறுத்திவிடும். கட்டளை நின்றால் உற்பத்தி நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது, பெரும்பாலோருக்கு வேலையும் செய்தது. உங்கள் 4.2 கோடி, பூஜ்ஜியமாகிவிடலாம். நிறுத்திய பிறகு திரும்பி வர ஆறு மாதமோ ஒரு வருடமோ, சிலருக்கு அதற்கு மேலுமோ ஆகும். ஒருவேளை ஏற்கெனவே ஒன்றிரண்டு போட்டிருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

துத்தநாகம், ஃபோலிக் அமில மாத்திரைகளும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல. அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், ஆண்கள் ஆறு மாதம் இவற்றைச் சாப்பிட்டும் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. டி.என்.ஏ. சிதைவு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. முருங்கைக்காய், பேரீச்சை, பாதாம் எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பாடாகச் சாப்பிடுங்கள். மருந்தாக எண்ணி ஏமாற வேண்டாம்.

இக்ஸி: இப்போதே வேண்டுமா?

விதையிலிருந்து நேரடியாக அணுவை எடுக்கலாம் என்று மருத்துவமனை சொன்னதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அதில் தர்க்கம் இருக்கிறது. டி.என்.ஏ. சேதத்தில் ஒரு பங்கு குழாய்ப் பயணத்தில்தான் நேர்கிறது. பயணத்துக்கு முன்பே எடுத்தால் சிதைவு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த அணுக்கள் நீந்தவும் முட்டையில் ஒட்டவும் கற்றிருக்காது. இக்ஸியில் அணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே வைத்துவிடுவதால், அந்தப் பாடங்கள் தேவைப்படாது. ஆனால் கந்தகப் பிணைப்பால் இறுகாத, முழுமையாகப் பக்குவப்படாத அணு அது என்பதும் உண்மை. ஆகவே, சிதைவு மாதக்கணக்கில் குறையாமல் நின்று, வெளிவந்த அணுவை வைத்துச் செய்த இக்ஸியும் தோற்றவர்களுக்குப் பரிசீலிக்கும் வழி இது. டெங்குவுக்கு ஐந்து வாரம் கழித்து, பதினைந்து நாள் பழைய மாதிரியில் வந்த ஒற்றை எண்ணை நம்பி இறங்க வேண்டிய வழி அல்ல.

செலவு பணத்தோடு முடிவதில்லை. உங்களுக்கு ஒரு குத்து. ரத்தக் கட்டோ கிருமித் தொற்றோ வர சிறு வாய்ப்பு. உங்கள் மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சிலருக்குச் சினைப்பை வீங்கும் தொல்லை. குறை உங்களிடம் இருக்க, ஊசிகளில் பெரும்பகுதியை அவர் வாங்கிக்கொள்கிறார். இதை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் சொல்லும் வரிசை இது. காய்ச்சல் வந்து முழுதாக மூன்று மாதம் கழியட்டும். அதற்குள் யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள். அப்புறம் அதே லேபில், அதே முறையில், இரண்டு நாள் இடைவெளியில் மறுபடி சோதனை. முறையை அழுத்திச் சொல்லக் காரணம், இந்தச் சோதனையில் நான்கைந்து வகை உண்டு. ஒன்றில் வரும் 30-ம் இன்னொன்றில் வரும் 30-ம் ஒன்றல்ல. எண் இறங்கியிருந்தால், முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து, ஆறு மாதம் இயல்பாக முயலுங்கள். இறங்காமல், கைக்குத் தட்டுப்படும் வெரிகோசீலும் இருந்தால், மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் சிறு அறுவை சிகிச்சை முதலில். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். எண்ணும் இறங்காமல், வெரிகோசீலும் இல்லையென்றால் இக்ஸி பற்றிப் பேசலாம், அப்போதும் ஒரு நாள் இடைவெளியில் கொடுத்த புது மாதிரியை வைத்து முதலில்.

உங்கள் மனைவிக்கு 29 வயது, முட்டை இருப்பும் நன்றாக உள்ளது. அதனால்தான் இப்படிப் பொறுக்கச் சொல்கிறேன். அவருக்கு 38 என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

2021-ஆம் வருடத்துச் செயற்கைக் கருவூட்டல் சட்டத்தின்படி, சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு, பக்கவிளைவு எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. எழுத்தில் சம்மதம் வாங்காமல் எதுவும் செய்யக் கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகும், கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் முன்புவரை சம்மதத்தை நீங்கள் திரும்பப் பெறலாம். 'இந்த மாதம் கட்டினால் சலுகை' என்று யாராவது சொன்னால், அந்தச் சலுகை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பதிவு பெற்ற மையம்தானா என்பதையும் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

அன்று கலைந்த கரு

'என் அணுதான் கொன்றுவிட்டதோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். டி.என்.ஏ. சிதைவு அதிகம் உள்ளவர்களின் துணைவியருக்குக் கருச்சிதைவு கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றில் பத்து முதல் இருபது வரை தானாகக் கலைகின்றன. தொடக்க வாரங்களில் கலைபவற்றில் பாதியளவுக்குக் காரணம், கருவில் குரோமோசோம் எண்ணிக்கை தற்செயலாகப் பிசகிப்போவது. இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு கருவை, இந்த வருடம் டெங்குவுக்குப் பின் எடுத்த ரிப்போர்ட்டோடு யாராலும் முடிச்சுப் போட முடியாது. உங்கள் மனைவி மீதும் அந்தப் பழி இல்லை. ஒருமுறை கரு தங்கியது என்பது, உங்கள் அணு முட்டை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி.

குழந்தைக்கு வருமா என்றால், இதற்காகப் பயப்படத் தேவையில்லை. விந்தணு உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் முட்டை அந்தப் புரோட்டமின் கட்டு முழுவதையும் அவிழ்த்து எறிந்துவிட்டு, தாயின் ஹிஸ்டோன்களைப் போட்டு நூலைப் புதிதாகச் சுற்றிக்கொள்கிறது. அறுந்த சில இடங்களைத் தைத்தும் கொள்ளும். இளம் வயது முட்டைக்கு அந்தக் கைவேலை நன்றாகவே வரும்.

அம்மாவிடம் ரிப்போர்ட்டை நீட்ட வேண்டியதில்லை. 'எனக்கும் சோதனை நடக்குது, டாக்டர் மூணு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்காரு' என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மனைவி முன்னால் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போதும் அவரைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கடைசியில் குறிப்பாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது, 3,400 ரூபாய் ஆயிற்றே, என்ன செய்வது? கம்பெனிப் பெயரும் பொருள் பட்டியலும் ஒழுங்காக அச்சிட்ட சாதாரணப் பால் புரதம் என்றால், மூன்று கரண்டியை ஒன்றாகக் குறைத்துக் குடித்துத் தீர்த்துவிடலாம், கெடுதல் இல்லை. ஜிம் மாஸ்டர் லேபிள் இல்லாத டப்பாவில் போட்டுக் கொடுத்தது என்றால், அடுத்த கரண்டி எடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.